காதர்பேட்டையில் இரண்டு தவளைகள்

எங்கள் கம்பெனிக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஆங்கிலப் பெயர். எண்கணிதம் பார்ப்பவரிடம் என் வீட்டுக்காரர் போய், எழுத்துகளைக் கூட்டிக் கழித்து, நடுவில் தேவையே இல்லாத ஓர் எழுத்தைச் செருகி வாங்கிவந்த பெயர். அதை இன்றுவரை ஒரு வாடிக்கையாளர்கூடச் சரியாகச் சொன்னதில்லை. போனில் யாராவது கேட்டால் நானே எழுத்தெழுத்தாகத்தான் சொல்வேன். இங்கே அதை எழுதப்போவதில்லை. எழுதினாலும் உங்கள் வாயில் நுழையாது.

ஊருக்கு நாங்கள் தவளைக் கம்பெனி.

முதலிபாளையத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தில் குழந்தைகளுக்கான பனியனும் டிராயரும் தைக்கிறோம். ஆரம்பித்தபோது பெட்டிக்கு டிசைன் செய்துகொடுத்தவர் எங்கள் ஆங்கிலப் பெயரைப் பெரிதாகப் போட்டுவிட்டு, "மூலைல எடம் சும்மா கெடக்குதுங்களே" என்றார். அப்போது ஒன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் மகளின் டிராயிங் நோட்டு மேசைமேல் கிடந்தது. அதில் ஒரு தவளை சிவப்பு டிராயர் போட்டுக்கொண்டு இடது பக்கம் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. இடம் நிரம்பினால் சரி என்று அதைப் போடச் சொன்னேன். "தவளைக்கு இடுப்பே இல்லையே, டிராயர் எப்பிடி நிக்கும்?" என்று வீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். "எலாஸ்டிக் வெச்சிருக்கேன்" என்றாள் மகள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பனியன் மொத்த வியாபாரம் நடக்கும் காதர்பேட்டைக்குச் சரக்கு எடுக்க வருகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பாலக்காட்டிலிருந்து வருவார்கள், ராஜமுந்திரியிலிருந்து வருவார்கள், நாக்பூரிலிருந்தும் கட்டாக்கிலிருந்தும் ரயிலேறி வந்து இறங்குவார்கள். ஒருவர் மொழி இன்னொருவருக்குத் தெரியாது. பெட்டிமேல் இருக்கும் ஆங்கிலத்தை யாரும் படிப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள். ஊருக்குப் போய் அந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் அடுத்த ஆர்டர் போடுவார்கள். கேரளாக்காரருக்கு அது தவள. தெலுங்குக்காரருக்குக் கப்ப, கன்னடக்காரருக்குக் கப்பெ. வடக்கே எல்லோருக்கும் மேண்டக். மூலையை நிரப்ப உட்கார்ந்த தவளை எங்கள் வியாபாரத்தையே தூக்கிக்கொண்டு போனது. எங்களுக்குத்தான் அது உறைக்கவில்லை.

கட்டாக்கில் எங்களுக்கு ஒரு பெரிய மனிதர் இருந்தார். எங்கள் தீபாவளிச் சரக்கில் பெரும்பகுதி அவர் கடைக்குத்தான் போகும். என்னை 'தீதி' என்பார், அக்கா என்று அர்த்தம். வயதில் என் அப்பாவுக்குச் சமமாக இருப்பார், இருந்தாலும் தீதிதான். என் இந்தியைக் கேட்டுச் சிரிக்காத ஒரே வடநாட்டு மனிதர் அவர். அவர் ஆர்டரை நம்பித்தான் எங்கள் யூனிட் நவராத்திரி வரைக்கும் ஓவர்டைம் ஓடும். அவர் நின்றால் நாங்களும் நின்றுவிடுவோம்.

ஆடி முடிந்த கையோடு அவரிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. "தீதி, ஆப்கா மேண்டக் ரோதா ஹை."

அக்கா, உங்கள் தவளை அழுகிறது என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்து ஒரு போட்டோ வந்தது. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு டிராயர் கிடக்கிறது, பக்கத்தில் தவளை போட்ட பெட்டி. தண்ணீர் முழுக்க நீலச் சாயம். கூடவே இன்னொரு மெசேஜ். பச்சைக் குழந்தையின் உடம்பெல்லாம் சாயம் ஒட்டிக்கொண்டது என்று தாய்மார்கள் கடையில் வந்து சண்டை போடுகிறார்களாம். இந்த வருஷம் தவளை வேண்டாமாம். நான் கூப்பிட்டால் அவர் எடுக்கவில்லை.

எங்கள் துணியில் சாயம் போகாது. அதில் நான் ராட்சசி. ஒவ்வொரு லாட்டிலும் ஒன்றை எடுத்து வெந்நீரில் முக்காமல் நான் பேக்கிங்குக்கு அனுப்பியதே கிடையாது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெட்டியில் தவளை இருந்தது. ஆனால் அது வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டிருந்தது நீல டிராயர்.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுவிட்டன.

அந்தப் பெட்டி யாருடையது என்று கண்டுபிடிக்க அரை நாள்கூட ஆகவில்லை. காதர்பேட்டையில் எங்களிடமே பல வருஷம் சரக்கு எடுத்து விற்ற கடைக்காரர். நல்ல மனிதர், பேச்சில் தேன் ஒழுகும். அவரே தனியாக ஒரு பிராண்டு ஆரம்பித்திருந்தார். பெயர் வேறு, படம் எங்கள் தவளை. என் வீட்டுக்காரர் எதையும் பேசியே தீர்க்கலாம் என்கிற கட்சி. என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

கடைக்காரர் எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்கக்கா, வாங்கண்ணா. உக்காருங்க. டீ சொல்லட்டுங்களா?"

"டீ இருக்கட்டும். எங்க தவளய எதுக்குங்க எடுத்தீங்க?" என்றேன்.

"உங்குளுது செவப்பு டிராயருங்கக்கா. நம்முளுது நீலம். உங்குளுது அந்தப் பக்கம் பாக்குது, நம்முளுது இந்தப் பக்கம். பேரும் வேற. தவள என்னுங்க, எல்லாருக்கும் பொதுதானுங்களே? ஒண்ணுமண்ணாப் பொழைக்கலாமுங்க."

இதையெல்லாம் அவர் கோபமே இல்லாமல், கை கட்டிக்கொண்டு, டீக்கு ஆள் அனுப்பிவிட்டுச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு வந்திருப்பேன். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் வேறு டீயை வாங்கிக் குடித்துவிட்டார். வழியெல்லாம் அவரோடு நான் பேசவில்லை.

மறுநாள் வக்கீலம்மாவிடம் போனோம். கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு. நான் மூச்சு விடாமல் கதை முழுவதும் சொன்னேன். அந்தக் கடைக்காரரைப் பிடித்து உள்ளே போடவேண்டும் என்றும் சொன்னேன்.

"உங்களுக்கு அவரு ஜெயிலுக்குப் போகோணுங்களா, இல்ல தவள உங்ககிட்டயே இருக்கோணுங்களா?"

"தவள வேணுமுங்க."

"அப்ப ஜெயில விடுங்க. இன்ஜங்ஷன் கேக்கலாம். தடை. கேஸ் முடிய வருஷக்கணக்காகும். அதுவரைக்கும் அவரு வித்துட்டே இருந்தா, கடைசில நீங்க ஜெயிச்சாலும் மார்க்கெட்ல தவளைக்கு மதிப்பு இருக்காது. அதனால இப்பவே நிறுத்துன்னு கேக்கறோம். டிரேட்மார்க் பதிவு பண்ணிருக்கீங்களா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். பையிலிருந்து சான்றிதழை எடுத்துப் பெருமையாக மேசைமேல் வைத்தேன். லேமினேட் செய்துவைத்திருந்தோம், பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்திலிருந்து எடுத்துவந்தது. வக்கீலம்மா அதைப் படித்தார். எங்கள் பெயரை ஒருமுறை உச்சரித்துப் பார்த்தார், வரவில்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடி பார்த்தார்.

"இதுல தவள எங்கீங்க?"

"அது... மூலைல சும்மா போட்டதுங்க."

எண்கணிதம் பார்த்து, காசு கட்டி, அலைந்து திரிந்து நாங்கள் பதிவு செய்திருந்தது யாருமே சொல்லாத ஒரு பெயரை. ஊரே சொல்லும் தவளையை மூலையில் சும்மா விட்டிருக்கிறோம். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பதிவு இல்லைனா ஒண்ணும் பண்ண முடியாதுங்களா?" என்று கேட்டேன்.

"முடியும். கஷ்டம், ஆனா முடியும். தன்னோட சரக்க உங்க சரக்கு மாதிரி காட்டி விக்கறதையும் சட்டம் தடுக்கும். பாஸிங் ஆஃப்னு சொல்லுவோம். ஆனா தவளைன்னா நீங்கதான்னு மார்க்கெட் நெனைக்குதுன்னு காட்டோணும். உங்க வாய்ல இருந்து வந்தா செல்லாது. வாங்கறவங்க வாய்ல இருந்து வரோணும். அப்பிடி என்ன வெச்சிருக்கீங்க?"

நான் எழுந்தே நின்றுவிட்டேன். என் போன்!

என் மகள் கல்லூரிக்குப் போகிற வயதுக்கு வந்துவிட்டாள். என் போனைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வாள். ஆர்டர் எல்லாம் எனக்கு வாய்ஸ் மெசேஜாகத்தான் வரும், ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை. புது போன் மாற்றினாலும் பழையதையெல்லாம் ஏற்றித் தரச்சொல்லி அவள் உயிரை வாங்குவேன். எதற்கு என்று கேட்டால், வியாபாரத்தில் யார் எப்போது எதை மாற்றிப் பேசுவார்களோ தெரியாது என்பேன். வக்கீலம்மாவின் மேசைமேல் போனை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

"சேச்சி, தவள ஒரு பத்து பெட்டி." "அம்மா, கப்ப பாக்ஸ் பம்பண்டி." "கப்பெ மால் களிசி அக்கா." "மேண்டக் கதம் ஹோ கயா, ஜல்தி." நாக்பூர்க்காரர் ஒருவர் மட்டும் பேடூக் என்பார், அது மராட்டியாம். எல்லாம் தவளை அனுப்பு, சீக்கிரம் அனுப்பு என்கிற பல வருஷக் குரல்கள். பின்னால் லாரிச் சத்தம், கோயில் மணி, குழந்தை அழுகை. எங்கள் ஆங்கிலப் பெயரை அதில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. முன்பானால் அது எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். அன்றைக்கு ஒவ்வொரு தவளைக்கும் நான் கைதட்டாத குறை.

வக்கீலம்மா முதல்முறையாகச் சிரித்தார். "இதப் போட்டே கேக்கலாமுங்க."

ஒவ்வொன்றையும் எழுதி, மொழிபெயர்த்து, போனிலிருந்து எடுத்ததுதான் என்று சான்று இணைத்து, மனு தயாரானது. எதிராளிக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்காமல் உடனடித் தடை கேட்டிருந்தார். முன்னாலேயே தெரிந்தால் சரக்கு ராத்திரியோடு ராத்திரியாக வேறு குடோனுக்குப் போய்விடும். "யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பார்க்க வேண்டியது என் வீட்டுக்காரரை. அவருக்குப் பொய் வராது. எந்த டீக்கடையில் யார் "என்னண்ணா விசேஷம்?" என்று கேட்டாலும் இருக்கிறதை அப்படியே சொல்லிவிடுவார். நல்லவேளையாக அந்த வாரம் தாராபுரத்தில் அவர் சொந்தத்தில் ஒரு புதுமனை புகுவிழா இருந்தது. முன்வேலைக்கு ஆள் வேண்டும் என்று அவர்களே கூப்பிட்டமாதிரி ஏற்பாடு செய்து அவரை அங்கே அனுப்பிவைத்தேன்.

கோர்ட்டில் எங்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். வக்கீலம்மா நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனார். எங்கள் பக்கம் முதல் பார்வைக்கே நியாயம் தெரிகிறது, தடை கொடுக்காவிட்டால் எங்களுக்கு வரும் நஷ்டம் கடைக்காரருக்கு வருவதைவிடப் பெரிது, அதைப் பிறகு காசால் ஈடுசெய்ய முடியாது. இந்த மூன்றையும்தான் கோர்ட் பார்க்குமாம். மூன்றாவதைச் சொன்னபோது எனக்குக் கட்டாக்கில் சாயம் ஒட்டிய அந்தக் குழந்தை நினைவுக்கு வந்தது. அந்தத் தாய்க்கு எந்தக் காசை நீட்டி நான் என் தவளையை மறுபடி நம்பவைப்பேன்?

நீதிபதி காகிதங்களைப் புரட்டினார். "இந்த வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு ரெண்டு போடுங்க, கேக்கலாம்" என்றார்.

போன் என் கையில்தான் இருந்தது. பதற்றத்தில் சத்தத்தை முழுசாக வைத்துவிட்டேன். "கப்ப பாக்ஸ் பம்பண்டி!" என்று ராஜமுந்திரிக்காரர் கோர்ட் ஹாலே அதிரக் கத்தினார். பின்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த யாரோ எழுந்து உட்கார்ந்தார். அடுத்து மேண்டக், அதற்கடுத்து தவள. நீதிபதி உதட்டை இறுக்கிக்கொண்டார், ஆனால் கண்ணில் சிரிப்பு இருந்தது.

"எல்லாரும் கேக்கறது இந்தப் படத்தத்தானா?"

"ஆமாங்கய்யா" என்றார் வக்கீலம்மா. நானும் சேர்ந்து சொல்லிவிட்டேன். பேசக்கூடாது என்று அவர் என் காலை மிதித்தார்.

தடை கிடைத்தது! அடுத்த விசாரணை வரைக்கும் அந்தத் தவளைப் படத்தைப் போட்டுக் கடைக்காரர் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. அதோடு, கடைக்குப் போய்ச் சரக்கைக் கணக்கெடுத்து சீல் வைத்துவர ஒரு வக்கீலைக் கமிஷனராக நியமித்தார்கள். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று நான் சத்தமாகவே சிரித்தேன். வக்கீலம்மா, "இன்னும் ஒண்ணும் ஆகலீங்க. உத்தரவு அவரு கைக்குப் போயிச் சேரோணும்" என்றார். எனக்குக் காது கேட்டால்தானே.

கமிஷனர் மிகவும் சின்னப் பெண். கறுப்புக் கோட்டு, தோளில் பெரிய பை, அதில் அரக்கும் நூலும். மறுநாள் காலை அவரும் வக்கீலம்மாவும் நானும் காதர்பேட்டைக்குப் போனோம். தீபாவளிச் சரக்கு நேரம். தள்ளுவண்டிக்கும் மூட்டை தூக்குகிறவர்களுக்கும் நடுவே நடந்துபோவதே பெரும்பாடு. "கடைக்குள்ள நீங்க வாயே தொறக்கக் கூடாது. பேசுனா காரியம் கெட்டுப்போகும்" என்று வக்கீலம்மா என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

கடைக்காரர் உத்தரவை வாங்கிப் படித்தார். முகம் வெளுத்தது. ஆனாலும் அடுத்த நிமிஷமே, "உக்காருங்க மேடம், வெயில்ல வந்துருக்கீங்க. டீயா, காப்பிங்களா?" என்றார்.

கமிஷனர் வேண்டாம் என்றார். வக்கீலம்மா வேண்டாம் என்றார். டீ என் பக்கம் வந்தது. நானும் வேண்டாம் என்று கையை நீட்டி மறித்தேன். வாழ்க்கையில் ஒரு கடையில் நான் டீ வேண்டாம் என்றது அதுதான் முதல்முறை. உத்தரவைப் படித்தபோதுகூட அவர் அவ்வளவு அடிபட்டவர்போலத் தெரியவில்லை. "என்னங்கக்கா, டீயுமா வேண்டாங்கறீங்க?" என்று கேட்டபோது எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறக்கவில்லை.

கணக்கெடுப்பு நடந்தது. பெட்டி பெட்டியாக நீல டிராயர்த் தவளைகள் கீழே இறங்கின. இன்னொரு அலமாரியில் எங்கள் சிவப்பு டிராயர்த் தவளைகளும் பழைய ஸ்டாக்கில் கொஞ்சம் இருந்தன. எதை எண்ணுவது, எதை விடுவது என்று கமிஷனர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் கூடவே நின்று திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "ரெண்டும் வேற வேற சரக்குங்க மேடம். இங்க வர்ற யாரும் தவளைன்னு கேக்க மாட்டாங்க. பேரச் சொல்லித்தானுங்க கேப்பாங்க."

எனக்கு நாக்கு துடித்தது. முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஒருவர் வந்து நின்றார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கையில் பெரிய துணிப்பை. பாலக்காட்டுப் பக்கத்து ஆள். உள்ளே நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

"தவள உண்டோ?" என்றார்.

காதர்பேட்டைக் கடைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இடியே விழுந்தாலும் வாசலில் நிற்கும் வாடிக்கையாளரைக் காக்கவைக்க மாட்டார்கள். பதில் சொல்லாமல் விட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்தப் பழக்கம் ரத்தத்தில் ஊறியது, மூளையைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. எங்கள் கடைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்காமல், பெட்டியில் கையை வைத்தபடியே, வாய்நிறையச் சொன்னார்.

"எந்தத் தவளைங்க, அவிங்க தவளையா, நம்ம தவளையா? நம்முளுது வெல கம்மிங்க!"

வக்கீலம்மா என்னைப் பார்த்தார். நான் குதிக்கவில்லை, அதற்கு என்னை நீங்கள் பாராட்டத்தான் வேண்டும். கமிஷனர் பெண் பேனாவைத் திறந்தார்.

"இப்ப என்னங்க சொன்னீங்க?"

வேறு ஊர்க்காரராக இருந்தால், ஒன்றும் சொல்லவில்லையே என்று சாதித்திருப்பார். எங்கள் ஊர் மரியாதை அவரைக் காட்டிக்கொடுத்தது. பெரிய உத்தியோகத்தில் இருக்கிற பெண்பிள்ளை கேட்கிறாள், பதில் சொல்லாமல் எப்படி இருப்பது?

"இல்லீங்க மேடம், அவரு தவள கேட்டாருங்க. அக்காவோட தவளையா, நம்ம தவளையான்னு கேட்டேனுங்க" என்று பொறுமையாக விளக்கமும் கொடுத்தார். கொடுத்து முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. பெட்டியிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "டீ ஆறுதுங்க" என்றார்.

கமிஷனர் எல்லாவற்றையும் வரிவரியாக எழுதினார். பாலக்காட்டுக்காரர் மிரண்டுபோய் நின்றுகொண்டிருந்தார். அவருடைய பெயரையும் ஊரையும் கேட்டு எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார். கடைக்காரரும் போட்டார். நீலத் தவளைப் பெட்டிகளைக் கட்டி அரக்கு வைத்து, கோர்ட் சொல்லும்வரை தொடக்கூடாது என்று அவர் பொறுப்பிலேயே விட்டார். வெளியே வந்ததும் முதல் கடையில் நான் டீ வாங்கிக் குடித்தேன், இரண்டு. வாழ்நாளில் அவ்வளவு ருசியான டீயைக் குடித்ததில்லை.

அன்று சாயங்காலம் தாராபுரத்திலிருந்து வீட்டுக்காரர் போன் செய்தார். "என்ன புள்ள, காதர்பேட்டைல ஏதோ நடந்துச்சாமா? இங்க பந்தல்ல பேசிக்கறாங்க" என்றார். அவர் வாய் திறக்காமலே ரகசியம் தாராபுரம் வரை போய்ச் சேர்ந்திருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் தடையை நீக்கச் சொல்லிக் கடைக்காரர் தரப்பில் மனுப் போட்டார்கள். அவருடைய வக்கீல் பெரிய ஆள், கணீர்க் குரல். தவளை பதிவு செய்யப்படவே இல்லை என்றார். பெயர்கள் அடியோடு வேறு, பார்க்கும் திசை வேறு, டிராயர் நிறம் வேறு என்றார். "மழை பெஞ்சா ஊரெல்லாம் தவளைதான் கத்துது. எல்லாத்துக்கும் இந்தம்மா சொந்தம் கொண்டாட முடியுமா?" என்றபோது ஹாலில் சிரிப்பு எழுந்தது. தோற்றுவிடுவோமோ என்று அப்போதுதான் முதன்முறையாகப் பயந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்விபோலவே பட்டது. என் மகள் நோட்டில் வரைந்ததை நாங்கள் மூலையில் போட்டோம், ஒரு காகிதம்கூட இல்லை. அது எங்களுடையது என்று எதை வைத்துச் சொல்வது?

நீதிபதி கமிஷனரின் அறிக்கையை எடுத்தார். அந்த வரியை நிதானமாகப் படித்தார். பிறகு அந்தப் பெரிய வக்கீலைப் பார்த்து, "உங்க கட்சிக்காரரே அவங்க தவளை, நம்ம தவளைன்னு பிரிச்சுச் சொல்லியிருக்கார். அப்ப அவங்க தவளைன்னு ஒண்ணு இருக்குன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சவர் வேற ஏதாவது படம் போட்டிருக்கலாமே? யானை, குதிரை எவ்வளவோ இருக்கே?" என்றார்.

கணீர்க் குரல்காரர் தன் கட்சிக்காரரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கடைக்காரர் கும்பிட்டபடி நின்றிருந்தார்.

வழக்கு முடியும்வரைக்கும் தடை நீடிக்கும் என்று உத்தரவானது. நான் மகளுக்குப் போன் செய்து, "உன்ற தவள செயிச்சிருச்சு கண்ணு!" என்று கத்தினேன். வகுப்பில் இருந்தாளாம். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டுவிட்டதாம். கேட்கட்டுமே.

ஆனால் நான் உண்மையில் ஜெயிக்கவேண்டிய இடம் அந்தக் கோர்ட் இல்லை. கட்டாக் இன்னும் மௌனமாகவே இருந்தது. உத்தரவை போட்டோ எடுத்து அனுப்பினேன். இந்த எழுத்தெல்லாம் அவர் படிக்கமாட்டார் என்று பிறகுதான் நினைவு வந்தது. என் ஓட்டை இந்தியில் ஒரு மெசேஜ் பேசினேன். அழுத தவளை என் தவளை இல்லை, அது நீல டிராயர், என்னுடையது சிவப்பு டிராயர், கோர்ட்டே சொல்லிவிட்டது. கேட்டார் என்பதற்கு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. தீபாவளி வந்தது, போனது. யூனிட்டில் பாதி மெஷின்கள் உறை போட்டு நின்றன. ஜெயித்த சந்தோஷத்தைக்கூட வாய்விட்டுச் சொல்லமுடியாமல் நான் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன். நான் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் காலை நான் கட்டிங் டேபிள் பக்கம் நிற்கும்போது போன் அடித்தது. கட்டாக். வாய்ஸ் மெசேஜ். உடனே அழுத்தினேன். அதே கரகரத்த குரல்.

"தீதி, பாஜார் மே சப் போல்தே ஹைன், கோர்ட் வாலா மேண்டக். வஹீ பேஜ் தோ. லால் சட்டி வாலா."

சந்தையில் எல்லோரும் கோர்ட் தவளை என்கிறார்களாம். அதையே அனுப்பச் சொல்கிறார், சிவப்பு டிராயர் போட்டதை. காதர்பேட்டைக்கு வந்துபோன யாரோ ரயிலில் இந்தக் கதையை ஏற்றிக் கட்டாக்கில் இறக்கியிருக்கிறார்கள். நான் அனுப்பிய கோர்ட் காகிதம் செய்யாததை அந்தக் கதை செய்திருந்தது. மெசேஜ் அதோடு முடியவில்லை. சற்று நிறுத்தி, இருமிக்கொண்டு, இன்னொன்றும் சொன்னார். இந்தத் தடவையும் தவளை அழுதால், கோர்ட்டுக்குப் போவது நான்தான் தீதி என்றார். சிரித்தார்.

நான் அந்த மெசேஜை ஸ்பீக்கரில் போட்டு யூனிட் முழுக்கக் கேட்கவைத்தேன். எங்களிடம் தைக்கும் பீகார்ப் பையன்கள் முதலில் சிரித்தார்கள், மற்றவர்களுக்கு அவர்கள் சொன்னதும் எல்லோரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் நின்று, "பெட்டில அந்தப் பேரு இருக்கற எடத்துக்கு தவளயக் கொண்டுவந்தரலாமா?" என்று கேட்டார். எண்கணிதக்காரர் கொடுத்த பெயரை வாங்கிவந்தவரே தன் வாயால் இறக்கிவைத்துவிட்டார். தவளையைப் பதிவு செய்ய அந்த வாரமே விண்ணப்பம் போட்டோம்.

கட்டாக்குக்குப் போகும் முதல் லாட் பேக்கிங்குக்கு வந்தபோது, மேலாக இருந்த ஒரு சிவப்பு டிராயரை எடுத்தேன். வாளியில் கை பொறுக்காத வெந்நீர் ஊற்றி முக்கினேன். வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவேன். அன்றைக்குத் தண்ணீர் முழுக்க ஆறும்வரை ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு துணியை எடுத்துப் பிழிந்துவிட்டு வாளிக்குள் பார்த்தேன். அடியில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது.